அகில் மணமும் அரை மாதச் சம்பளமும்

நம் அலுவலகத்துக்கு மில் தொழிலாளியான ஒரு பழைய தோழர் வந்திருந்தார். துபாயிலிருந்து விடுப்பில் வந்துள்ள மகனும் கூட வந்தான். வந்ததும் வராததுமாகத் தோழர் மகன்மேல் குற்றப்பத்திரிகை படித்தார்.

"வீட்டுக் கடன் தீரவில்லை. இவன் அரை மாதச் சம்பளத்தை மோந்து பார்ப்பதற்குக் கொட்டியிருக்கிறான், தோழர்!"

பையன் வாய் திறக்கவில்லை. கட்டைவிரல் அளவுள்ள புட்டி ஒன்றை எடுத்து, நம் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவினான். 'ஊத்' என்று சீமான்கள் கொண்டாடும் அத்தர் அது.

முதலில் நாம் முகத்தைச் சுளித்தோம். மாட்டுத்தொழுவமும் பதனிட்ட தோலும் ஒன்றாகக் கலந்தது போல் இருந்தது. அரை மணி நேரம் கழித்து அதுவே புகைந்த கட்டையாகவும் தேனாகவும் மாறியது. மறுநாள் குளித்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. துவைத்துக் காய்ந்த சட்டையின் கைப்பட்டையிலும் மிச்சம் இருந்தது.

ஏன் வாங்கினாய் என்று கேட்டோம். "பெரிய கட்டடம் ஒன்றில் லிப்ட் துடைப்பது என் வேலை. ஆள் இறங்கிப் போனாலும் இந்த வாசனை உள்ளேயே நிற்கும். ஐந்து வருஷம் துடைத்தேன். ஒரு நாள் நம் சட்டையிலும் இருக்கட்டுமே என்று தோன்றியது" என்றான்.

தோழரின் கோபம் நமக்குப் புரியாமல் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது அத்தர் எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் பஞ்சுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேற்று வாடையும்தான் உழைப்பாளியின் உடம்புக்கு விதி என்று எழுதி வைத்தது யார்? நல்ல மணத்தை விரும்புவது குற்றமா? பையன்மீது பாய்வதற்கு முன் அந்தப் புட்டியின் கதையைக் கேளுங்கள்.

ஊத் என்பது வேறொன்றுமல்ல, நம் அகில்தான். கப்பலில் வந்திறங்கிய சரக்குகளோடு அகிலையும் சேர்த்துச் சொல்கிறது சிலப்பதிகாரம். நாம் கொளுத்தும் ஊதுவத்தியின் பெயரிலும் அந்த அரபுச் சொல்லே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் அகில் மரம் செழிப்பது அசாமிலும் அதை அடுத்த மலைநாடுகளிலும். அசாமில் ஹோஜாய் என்ற ஊர் இந்த வியாபாரத்துக்குப் பேர்போனது.

நோயில்லாத அகில் மரம் வெளுத்த கட்டை. அதில் மணம் கிடையாது. புழு துளைத்தோ வெட்டுப்பட்டோ காயமாகி, அந்தக் காயத்தில் பூஞ்சணம் பற்றினால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கறுத்த பிசினைச் சுரக்கிறது. பல ஆண்டுகள் ஊறிய அந்தப் பிசின்தான் மணம்.

மரத்தை வெட்டியதும் தொழிலாளிகள் தரையில் உட்கார்ந்து, வெள்ளைக் கட்டையைச் சிற்றுளியால் செதுக்கித் தள்ளிக் கறுப்புப் பகுதியைப் பிரிக்கிறார்கள். சிறு துண்டுகளை நாட்கணக்கில் நீரில் ஊறவைத்துப் பிறகு கொதிகலனில் ஏற்றுகிறார்கள். இரவு பகலாக அடுப்பு எரிய வேண்டும். நீராவியோடு வரும் எண்ணெயைக் குளிர்வித்து வடித்தால், மூட்டை மூட்டையாகப் போட்ட கட்டைக்குக் கிடைப்பது கொஞ்சமே. அதைத் தோலா கணக்கில், அதாவது சுமார் 11.66 கிராம் அளவில் விற்கிறார்கள்.

இந்தோனேஷியாவின் காலிமந்தான் காடுகளில் அகில் தேடிப் போகிறவனுக்கு இடைத்தரகன் அரிசியும் செலவுப் பணமும் முன்கடனாகத் தருகிறான். கட்டை கிடைத்தால் விலை சொல்பவனும் அவன்தான். கிடைக்காவிட்டால் கடன் மட்டும் மிச்சம். நம் பண்ணைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிசின் எல்லா மரத்திலும் இருப்பதில்லை. இருக்குமோ என்று வெட்டிச் சாய்த்தே காட்டைக் காலி செய்தார்கள். அசாமிலும் மலேயாவிலும் வளரும் இனம் 1995ல் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2005ல் அகில் குடும்பத்து மற்ற இனங்களும் சேர்க்கப்பட்டன.

அரபு நாட்டு வீடுகளில் விருந்தாளிக்கு அகில் புகை காட்டுவது நெடுநாள் மரியாதை. 2002ல் பாரிசின் ஈவ் சாங் லோரான் கம்பெனி எம்7 என்ற ஊத் வாசனையை வெளியிட்டது. பிறகு மேனாட்டுக் கம்பெனிகள் பலவும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. அவற்றின் பல புட்டிகளில் ஆலையில் செய்த ரசாயன மணமே அதிகம். அசல் அகில் பேருக்குத்தான். இப்போது சொல்லுங்கள்: அந்த விலை எதற்கு? கண்ணாடிக்கும் தங்கப் பூச்சுக்கும் விளம்பரத்துக்கும், 'இது எல்லோருக்கும் கிடைக்காது' என்ற கர்வத்துக்கும் சேர்த்துத்தான்!

உளி பிடித்தவனுக்கும் அடுப்பெரித்தவனுக்கும் வாசனை வேலையோடு வந்த ஒட்டு. புட்டி அவன் கைக்கு எட்டாது. கட்டடம் துடைத்தவன் அதை வாங்க அரை மாதம் உழைக்க வேண்டும். மரத்தின் காயம் மணமாகிறது. மனிதனின் உழைப்பு பிறன் லாபமாகிறது.

ஆகவே தோழரிடம் நாம் சொன்னது இதுதான்: மகனைத் திட்டாதீர்கள். வீட்டுக் கணக்கை அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். நெய்கிறவன் நல்ல துணி கேட்கலாம். விளைவிக்கிறவன் நல்ல அரிசி கேட்கலாம். அதுபோல நல்ல மணமும் கேட்கலாம். கூடவே, வளர்க்கும் குடியானவனுக்கு நியாய விலையும், செதுக்கும் கைக்கு நியாயக் கூலியும் எங்கே என்றும் கேட்போம். அந்தக் கேள்வி, அகில் மணம்போல, எத்தனை முறை துவைத்தாலும் போகாமல் நிற்க வேண்டும்!