எல்லை தாண்டும் பாராகிளைடிங் சுற்றுலா: விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

கம்பம்மெட்டு: தேனி மாவட்டத்தின் கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால், கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்கும் இடம் கம்பம்மெட்டு. தமிழகப் பயணிகள் பலருக்கு இது வாகமண் செல்லும் வழிகளில் ஒன்று. அந்த வாகமண்ணில் 2024 மார்ச் மாதம் கேரள சாகச சுற்றுலா மேம்பாட்டு அமைப்பு சர்வதேச பாராகிளைடிங் போட்டியை நடத்தியது. அங்கு இருவர் சேர்ந்து பறக்கும் 'டான்டெம்' முறையில் ஒருமுறை பறந்து ஆசை கொண்டவர்கள், அடுத்து இமாச்சலத்தின் பீர்–பில்லிங், நேபாளத்தின் போக்கரா, துருக்கியின் ஓலுதெனிஸ் எனக் குழுப் பயணங்களைத் தேடுகின்றனர். அத்தகைய குழுவை அழைத்துச் செல்பவரின் கடமை எது என்ற கேள்வி இங்குதான் எழுகிறது.

காற்றே முதல் கணக்கு

கம்பம்மெட்டு மலைமுகடு இதற்கு நல்ல பாடம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து முகட்டைக் கடந்து, கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அருகிலுள்ள ராமக்கல்மேட்டிலும் தேனிச் சமவெளியிலும் காற்றாலைகள் நிற்பதற்கு இக்காற்றே காரணம். ஆனால் காற்றாலைக்கு உகந்த காற்று பாராகிளைடருக்கு உகந்ததன்று. காற்று மோதும் சரிவில் மேலெழும் ஓட்டம் கிடைக்கும். முகட்டின் மறுபுறத்தில் அதே காற்று சுழலாக மாறி, துணியால் ஆன இறக்கையை மடக்கிவிடும். பாராகிளைடரின் இயல்பான வேகமே மணிக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று அதை நெருங்கினால் முன்னேற இயலாது. இந்த நுட்பம் தெரியாத வெளியூரில், உள்ளூர் விமானியின் சொல்லே பயணியின் உயிர்க்காப்பு.

அண்மை விபத்துகள்

2023 மார்ச்சில் வர்க்கலாவில், கோவையைச் சேர்ந்த பெண் பயணியும் பயிற்சியாளரும் பறந்த பாராகிளைடர் உயர்கோபுர மின்விளக்குக் கம்பத்தில் சிக்கியது. இருவரும் மீட்கப்பட்டனர். 2024 அக்டோபர் இறுதியில், பீர்–பில்லிங்கில் உலகக் கோப்பைப் போட்டி தொடங்கவிருந்த வேளையில், வானில் நிகழ்ந்த மோதலில் பெல்ஜியம் நாட்டு வீரர் ஒருவர் உயிரிழந்தார். 2025 ஜனவரியில் கோவாவின் கேரி பகுதியில் புணேயைச் சேர்ந்த பெண்ணும் நேபாள விமானியும் பலியாயினர். அங்கு அனுமதியின்றிப் பறத்தல் நடத்தப்பட்டது தெரியவந்தது. அதே மாதம் குல்லுவில் தமிழக இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தானே பறக்கும் வீரர் தம் இடர்களைத் தாமே கணிக்கிறார். டான்டெம் பயணியோ காற்றையும் கருவியையும் விமானியையும் ஆராயும் நிலையில் இல்லை. அவருக்காக ஆராய வேண்டியவர், பணம் பெற்று அழைத்துச் செல்பவரே.

வழிகாட்டி கேட்க வேண்டியவை

வெளிநாட்டில் இப்பொறுப்பு இன்னும் கூடுகிறது. டான்டெம் விமானிக்கு அந்நாட்டு வான்துறையின் உரிமம் உள்ளதா என்பது முதல் கேள்வி. தனியே பறக்க விரும்பும் உறுப்பினரிடம் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் ஐபிபிஐ அட்டை இருக்க வேண்டும். அவருடைய திறன்நிலையை அயல்நாட்டார் அறிய அதுவே வழி. அவசரகாலப் பாராசூட் கடைசியாக எப்போது பிரித்து மடிக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். நெடுநாள் மடித்தபடியே கிடந்த பாராசூட் தேவையான நொடியில் விரியாமல் போகலாம்.

காப்பீடு அடுத்தது. வழக்கமான பயணக் காப்பீடு பெரும்பாலும் சாகச விளையாட்டுகளுக்குப் பொருந்தாது. அதற்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியே சேர்க்க வேண்டும். மலையிலிருந்து மீட்கும் செலவும் தாயகம் கொண்டுவரும் செலவும் அதில் அடங்குமா என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் பெறுவது நலம்.

எல்லாவற்றிலும் கடினமானது 'இன்று பறக்க வேண்டாம்' எனச் சொல்வது. ஐந்து நாள் பயணத்தில் ஒருநாள் மட்டுமே பறத்தலுக்கு ஒதுக்கினால், வானிலை கெட்டாலும் பறந்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி தானாக உருவாகிறது. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா அருகே, உலகத்தரம் வாய்ந்த வீராங்கனை ஏவா விஷ்னியெர்ஸ்காவை இடிமேகம் 9,900 மீட்டருக்கும் மேலே இழுத்துச் சென்றது. அவர் உயிர்பிழைத்தார், அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் மாண்டார். தேர்ந்தவர்களுக்கே அந்நிலை எனில் முதன்முறை பறப்பவருக்கு மாற்றுநாள் என்பது சலுகையன்று, அடிப்படைத் தேவை. மாற்றுநாளும், பறக்காவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் வழிகாட்டியால் துணிந்து மறுக்க இயலும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் தேசிய வான்விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. பாராகிளைடிங் உட்பட 11 விளையாட்டுகள் அதன்கீழ் வருகின்றன. ஆயினும் அக்கொள்கை நோக்குவது உள்நாட்டு வானை. வெளிநாட்டு மலையில் நிகழும் விபத்துக்கு அந்நாட்டுச் சட்டமே முதலில் பொருந்தும்.

இருப்பினும் பயணி கைவிடப்பட்டவர் அல்லர். பயணத்தை இங்கு விற்ற நிறுவனத்தின் சேவைக் குறைபாட்டுக்கு எதிராக, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே அவர் முறையிடலாம். கம்பத்தைச் சேர்ந்தவர் தேனியிலேயே வழக்குத் தொடுக்க முடியும். அதற்கு ரசீது, பயணத்திட்டம், வாக்குறுதிகள் யாவும் எழுத்தில் இருக்க வேண்டும். ஏவுதளத்தில் அவசரமாகக் கையெழுத்து வாங்கப்படும் பொறுப்புத்துறப்புப் படிவத்தைப் படித்துப் பார்த்து, நகல் கேட்டு வாங்குவதும் பயணியின் உரிமையே.

கட்டணத்தை ஒப்பிடும் பயணிகள், முன்பதிவுக்கு முன் ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக் கேட்கலாம்: 'காற்று சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்?' தெளிவான விடை தராத குழுவுடன் எல்லை தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு.