எங்களுக்கும் ஒரு ஸ்டூல் போடுங்க

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு சின்னத் திருத்தம் நிறைவேறியது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. விஷயம் இவ்வளவுதான்: கடையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தால் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். கேரளாவில் 2018-லேயே இது வந்துவிட்டது.

உட்காருவதற்கு ஒரு சட்டமா என்று சிரிப்பு வந்தால், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பட்டுக்கோட்டை ஜவுளிக்கடைப் பக்கம் போனதில்லை என்று அர்த்தம். நம்ம வீட்டுப் பெரியவங்க முப்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிட்டு, கடைசியில் "மொதல்ல ஒண்ணு காட்டுனியேம்மா, அதயே எடு" என்பார்கள். மீதி இருபத்தொன்பதையும் மடித்து அடுக்குகிற அக்கா, காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டே இருப்பவர். கூட்டமே இல்லாத மத்தியானத்திலும் நிற்கத்தான் வேண்டும். சுவரில் லேசாகச் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் பார்வை அந்தப் பக்கம் திரும்பும். 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சட்டம் வந்த பிறகும் ஸ்டூல் கண்ணிலேயே படாத கடைகள் உண்டு. சில கடைகளில் ஸ்டூல் இருக்கும், அதன் மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கும்.

இருந்தாலும் அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று இருக்கிறது. கால் வலிக்குதுன்னு சொன்ன அந்த அக்காக்களுக்கு யாரும் "வலியைச் சமாளிப்பது எப்படி" என்று வகுப்பு எடுக்கவில்லை. ஸ்டூல் போடுங்க என்று முதலாளியிடம் சொன்னார்கள். பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை.

இப்ப காலேஜுக்கு வருவோம். எந்தக் காலேஜ்னு சொல்லப் போறதில்லை, படிக்கிற நீங்களே உங்க காலேஜைப் பொருத்திப் பாத்துக்கலாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாணவர்களின் மனநலம் பற்றி ஒரு செமினார். அட்டென்டன்ஸ் கட்டாயம். சீக்கிரம் தூங்குங்கள், ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள், ஓய்வுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று நல்ல நல்ல விஷயமாகத்தான் சொன்னார்கள். சாயங்காலம் வரை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங், திங்கட்கிழமை இன்டர்னல். ஓய்வைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க, எங்களுக்கு இருந்த ஒரே ஓய்வு மத்தியானத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மூச்சுப் பயிற்சியை நான் கிண்டல் பண்ணவில்லை. அது உதவும். ஆனால் டைம்டேபிளை அப்படியே வைத்துக்கொண்டு "நீ ஓய்வெடுக்கக் கத்துக்கோ" என்று சொன்னால், ஓய்வும் இன்னொரு அசைன்மென்ட் ஆகிவிடுகிறது. அதையும் ஒழுங்கா முடிக்கலையேன்னு ஒரு குற்ற உணர்ச்சி கூடச் சேர்ந்துகொள்கிறது. படுத்திருக்கும்போது "இந்நேரம் ரெண்டு லீட்கோட் ப்ராப்ளம் போட்டிருக்கலாம்" என்று தோன்றுகிறதே, அந்தப் படுக்கையை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

நம்ம ஆளுங்களுக்கு நம்பர் சொன்னால்தான் புரியும் என்பதால் ஒரு கணக்கு. 1997-ல் ‘நேச்சர்’ இதழில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே, அதாவது 0.03 சதவீதம், வண்டி ஓட்டுவது குற்றம்.

இதை ஒரு பட்டுக்கோட்டை டே ஸ்காலருக்குப் பொருத்திப் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற காலேஜுக்குப் போக அவன் காலையில் 5 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். (பஸ் ஒரத்தநாடு வருவதற்குள் பாதிப் பேர் ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு தூங்கிவிடுவார்கள். பலருக்கு ஒரு நாளின் நிம்மதியான நேரமே அதுதான்.) லேப் முடிந்து, பஸ் பிடித்து, வீடு வந்து, சாப்பிட்டு நிமிரும்போது இரவு 10 மணி. காலை 5-லிருந்து இரவு 10 வரை, விரலை மடித்து எண்ணிக்கொள்ளுங்கள், பஸ்ஸில் போட்ட குட்டித் தூக்கத்தை விட்டுவிட்டால் சரியாக 17 மணி நேரம். க்ளாஸ் வாட்ஸ்அப் க்ரூப்பில் "நாளை காலைக்குள் ரெக்கார்ட் சப்மிட் பண்ணவும்" என்ற மெசேஜ் வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். சட்டம் பைக் ஓட்ட விடாத ஒரு மூளையை வைத்துக்கொண்டு, அவன் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிக்க உட்காருகிறான்.

"அதெல்லாம் சரி, நைட்டு ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பாக்குறது யாரு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்க்கிறோம்தான். ஆனால் ஏன் என்றும் கேட்க வேண்டும். சீனாவில் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்று ‘996’ வேலைமுறை பல டெக் கம்பெனிகளில் நடந்தது. 2021 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்று சொன்னது. நாள் முழுக்கத் தன் கையில் இல்லாதவர்கள் தூக்கத்தைத் திருடியாவது கொஞ்சம் சொந்த நேரம் எடுத்துக்கொள்வதை, தூக்கத்தைத் தள்ளிப்போட்டுப் பழிவாங்குவது என்று அங்கே பெயர் வைத்திருக்கிறார்கள். பகலில் ஒரு மணி நேரம் நமக்கென்று கிடைக்காதபோது, அது நடுராத்திரியில் போனுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அது ஓய்வு இல்லை என்பது பார்க்கிற எங்களுக்கும் தெரியும்.

அடுத்தது சொந்தக்காரங்க. பட்டுக்கோட்டையில் பிறந்தால் இதிலிருந்து தப்பிக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை 8 மணி வரை படுத்திருந்தால் போதும், வீட்டுக்கு வந்த மாமாவோ சித்தப்பாவோ ‘நாடோடி மன்னன்’ படத்தில் நம்ம ஊர்க்காரர் எழுதிய அந்தப் பாட்டைப் பாடிவிடுவார். எந்தப் பாட்டுன்னு சொல்லவே வேண்டாம், தம்பியைத் தூங்காதேன்னு சொல்லுற பாட்டு. 1958-ல் வந்த படம். எங்களை எழுப்ப அதைவிட நல்ல அலாரம் ஊரில் கிடையாது.

ஆனால் பட்டுக்கோட்டையார் யார் என்று யோசித்தால் இந்த அலாரம் கொஞ்சம் இடிக்கும். 1930-ல் செங்கப்படுத்தான்காட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், விவசாயச் சங்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் இருந்தவர். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்று கேட்டுப் போராடிய இயக்கம் அது. 29 வயதில், 1959-ல் இறந்துபோனார். கடமையிலிருந்து தப்பிக்கத் தூங்குகிறவனையும், சந்தர்ப்பம் வரும்போது தூங்கிவிடுகிறவனையும் திட்டி எழுதிய பாட்டை, ஆறு நாள் ஓடிவிட்டு ஏழாம் நாள் படுத்திருக்கிறவன் மேல் வீசுவது அந்த மனுசனுக்கே நியாயமாகப் பட்டிருக்காது. இது என் கருத்து. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

மாமாவின் பயத்தை நான் ஒதுக்கவும் மாட்டேன். "ரெஸ்டு எல்லாம் வசதியானவனுக்குப்பா, நாம ஓடணும்" என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவனுக்கு இது வெறும் பேச்சு இல்லை. ஆனால் நம்ம டெல்டாவின் உழைப்பு எப்போதும் ஓய்வையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறது. விடியற்காலை வயலில் இறங்கியவர் உச்சி வெயிலில் கரையேறி, கஞ்சியைக் குடித்துவிட்டு மரத்தடியில் துண்டை விரித்தால் அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. அவர் உழைத்ததை எல்லாரும் பார்த்தார்கள். நாங்கள் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து தலை கொதிக்க வேலை செய்வது வெளியே தெரிவதில்லை, அதனால் படுத்தால் மட்டும் கண்ணில் படுகிறது. ஆற்றுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகலாம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தனித்தனியாக ஒவ்வொரு விவசாயியின் மனஉறுதிக்கு விடவில்லை. அதற்குத் தேதி இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே தேதி.

இந்தக் கணக்கில் விட்டுப்போன ஒருவர் அம்மா. 2019-ல் எடுத்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். நம்ம வகுப்பு டே ஸ்காலர் பெண்களுக்கும் இதில் ஒரு பங்கு போகிறது. 10 மணிக்கு மெசேஜ் வரும்போது அவர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாம். பசங்க இதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு "நாங்கதான் டயர்டு" என்று பேசலாம்.

படிப்பு முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு: 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரத்துக்குப் போய்விட்டார், ஞாயிறும் சேர்த்து. நாம் மீம் போட்டுச் சிரித்தோம். சிரித்த கையோடு அதே கம்பெனிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பினோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பதால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-ல் மட்டும் சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள். இதைப் படித்துவிட்டு மூச்சுப் பயிற்சி செய்து ஒன்றும் ஆகப்போவதில்லை. எது வேலைக்கு ஆகும் என்பதற்கு நம்ம மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923 மே 1. சரியாக நூறு வருசம்.

நம்ம காலேஜில் நாம் கேட்க வேண்டியதும் பெரிசா ஒண்ணும் இல்லை. இரவு 8 மணிக்கு மேல் க்ளாஸ் க்ரூப்பில் வேலை சம்பந்தமாக எந்த மெசேஜும் வரக்கூடாது, வந்தாலும் கெடு அடுத்த நாள் சாயங்காலத்துக்குப் பிறகுதான். ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, சனிக்கிழமையோட முடிச்சுக்கட்டும். செமினார் ஹாலுக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் ரூமைத் திறந்து, ஃபேன் மாட்டி, மத்தியான இடைவேளையில் டே ஸ்காலர்கள் தலை சாய்க்க விடலாம். பாய் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கமே வராமல் நாட்கள் ஓடினால், எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால், அது ரூமும் பாயும் சரிசெய்கிற விஷயம் இல்லை. டெலி மானஸ் எண் 14416. அரசு நடத்துவது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சேவ் பண்ணி வையுங்கள், உங்களுக்கு வேண்டாம் என்றாலும் ரூம்மேட்டுக்கு வேண்டியிருக்கலாம்.

மற்றதை டிபார்ட்மென்ட் அசோசியேஷனின் அடுத்த மீட்டிங்கில் எழுத்தில் கொடுக்கப்போகிறோம். கையெழுத்துப் போட ஃபைனல் இயர் மட்டும் போதாது, நாங்க இன்னும் சில மாசத்தில் கிளம்பிடுவோம். 8 மணி கூடாது, 9 தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிற தேர்ட் இயர்காரங்க மீட்டிங்குக்கு வந்து வாதாடுங்க. சனிக்கிழமை மத்தியானம் வைக்க வேண்டாம்னு மட்டும் ஏற்கெனவே சொல்லிட்டோம்.