கிருமி தின்று தீர்க்காது

தோல் ஆலைக் கழிவிலேயே வாழும் பாக்டீரியா இருக்கிறதாம், அது குரோமியத்தைத் தின்று பாலாற்றைச் சுத்தம் செய்துவிடுமாம். ஆலங்காயத்துப் பெஞ்சுகளில் இப்போது இதுதான் பேச்சு. நமக்கென்ன, ஜவ்வாது மலையடிவாரம். நாற்றமெல்லாம் வாணியம்பாடியோடு சரி. அதனால் இப்படிப் பேச முடிகிறது.

அந்தப் பாக்டீரியா இருப்பது நிஜம். குரோமேட் என்கிற விஷம் அமைப்பில் சல்பேட் மாதிரி இருப்பதால், சல்பேட் நுழையும் வாசல் வழியாகவே கிருமிக்குள் புகுந்துவிடும். தாக்குப்பிடிக்கும் இனங்கள் அதை வெளியே இறைத்துத் தள்ளும். அல்லது விஷம் குறைந்த வேறு வகைக் குரோமியமாக மாற்றும். உணவு இல்லையென்றால் பாசில்லஸ் இனங்கள் கெட்டி ஓடு போட்ட வித்தாகி வருடக்கணக்கில் கிடந்து, சத்தும் ஈரமும் வந்ததும் விழித்துக்கொள்ளும். கெட்டிக்கார ஜீவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனையும் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. நம் கிணற்றைக் காப்பாற்ற அல்ல.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். லவாய்சியே பாடம் இன்னும் மறக்கவில்லை: பொருள் உருமாறும், இல்லாமல் போகாது. (அவரும் வரி வசூல் உத்தியோகம் பார்த்தவர்தான். கணக்கு உதைக்க விடுவாரா?) குரோமியம் ஒரு தனிமம். எந்தக் கிருமியின் வயிற்றிலும் அது செரிக்காது. மாறிய குரோமியமும் மண்ணில்தான் கிடக்கும். மாங்கனீஸ் ஆக்சைடு உள்ள மண்ணில் அது மறுபடி விஷமாகத் திரும்பவும் கூடும்.

சரி, உப்பு? பதனிட வரும் தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பு அத்தனையும் கழுவிய தண்ணீரோடு போகிறதே, அதை எந்தக் கிருமி தின்னும்? தென்னை காய்ந்ததும் கிணறு கரித்ததும் பெரும்பாலும் அதனால்தான்.

ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுப்போனது. இருபது வருடம் கழித்தும் குவியல் அங்கேயே இருந்தது. கிருமிக்கு அவகாசம் போதவில்லையோ?

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நம் வேலூர் வழக்கில் சொன்னது 1996 ஆகஸ்ட் 28 அன்று. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. இடையில் 28 வருடம்.

கிருமி ஆராய்ச்சி வேண்டாம் என்று யார் சொன்னது? சுத்திகரிப்புத் தொட்டியில் அதற்கு நிறைய வேலை உண்டு. கழிவை ஆற்றில் விட்டவரின் பாக்கியை அதன் தலையில் எழுதாதீர்கள் என்கிறேன். அடுத்த முறை யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், ஆலையில் மிஞ்சும் உப்பை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.