50 பர்சென்டைல் என்றால் பாதி மார்க் இல்லை

1/ "நீட்ல 50 பர்சென்டைல் எடுத்தாத்தான் டாக்டர் ஆக முடியும், அதனால தரம் உறுதி"ன்னு யாராவது சொன்னா, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 50 பர்சென்டைல்னா எத்தனை மார்க்? முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ சதவீதம் என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லும். பர்சென்டைல் என்பது உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்பதை மட்டுமே சொல்லும். 50 பர்சென்டைல்னா எழுதினவங்கள்ல பாதிப் பேர் உங்களுக்குக் கீழே. அந்தப் பாதிப் பேர் என்ன எழுதினாங்கன்னு அது சொல்லாது.

3/ இப்ப கணக்கைப் பாருங்க. நீட் இளநிலைக்கு மொத்தம் 720 மார்க். பொதுப்பிரிவுக்கான 50 பர்சென்டைல் 2022-ல் 117 மார்க். 2023-ல் 137. அதாவது 16 சதவீதம், 19 சதவீதம். பள்ளிக்கூடத்துல இந்த மார்க் வாங்கினா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்க. இங்கே அதுக்குப் பெயர் 'தகுதி'.

4/ "அந்த மார்க்குக்கு அரசுக் கல்லூரியில் சீட் கிடைக்காதே டாக்டர்?" சரிதான், கிடைக்காது. ஆனா தகுதிப் பட்டியலில் பெயர் வந்துவிடும். அதற்குப் பிறகு அதிகக் கட்டணம் கட்ட முடிகிறவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். அவரைவிட அதிக மார்க் எடுத்தும் பணம் இல்லாத பிள்ளை வெளியே நிற்கும். தரம் காக்கிற கோடு செய்கிற வேலையா இது?

5/ முதுநிலைக்கு வருவோம். 2023 செப்டம்பரில் நீட் பிஜி தகுதி எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பர்சென்டைலாகக் குறைக்கப்பட்டது. பூஜ்ஜியம்! கடைசி ஆளுக்கும் தகுதி உண்டு. ஏன்? சீட் காலியா இருந்தது. சீட்டுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்குகிற கோட்டை, தரத்தின் அளவுகோல்னு எப்படிச் சொல்வீங்க?

6/ ஆர்.டி.ஓ. ஆபீஸை நினைச்சுக்கோங்க. 8 போடணும். கால் ஊன்றாம போட்டா லைசென்ஸ். "இன்னைக்கு வந்த 40 பேர்ல நல்லா ஓட்டின 20 பேருக்கு மட்டும்"னு சொன்னா? 40 பேருமே நல்லா ஓட்டினா 20 பேருக்கு அநியாயம். 40 பேருக்குமே ஓட்டத் தெரியலைன்னா ரோட்டில் நடக்கிற உங்களுக்கு ஆபத்து. ஒப்பிட்டு மார்க் போடுகிற முறையில் இரண்டுமே நடக்கும்.

7/ "கேள்வித்தாள் ஒரு வருஷம் கஷ்டம், ஒரு வருஷம் ஈஸி. ஒப்பிடாம எப்படி?" நியாயமான கேள்வி. பதில் இருக்கு. ஆங்காஃப்னு ஒரு முறை. மயிரிழையில் தேறக்கூடிய மாணவர் இந்தக் கேள்விக்குச் சரியா பதில் சொல்ல எவ்வளவு வாய்ப்புன்னு நிபுணர் குழு ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பிடும். கூட்டினா பாஸ் மார்க். தாள் கஷ்டமானா பாஸ் மார்க் தானா குறையும். பக்கத்து சீட்காரன் எவ்வளவு எடுத்தான்னு பார்க்கவே வேண்டாம். வெளிநாட்டு டாக்டர்களுக்கு பிரிட்டன் நடத்தும் பிளாப் முதல் தேர்வில் இதுதான் நடைமுறை.

8/ இனி என் சொந்தக் கதை. படிக்கும்போது ஒரு டிபார்ட்மென்ட்டில் இன்டர்னல் மார்க்கை பேட்ச் ரேங்க் பார்த்துப் போடுவாங்க. ஒருநாள் வார்டில் மிட்ரல் ஸ்டெனோசிஸ் உள்ள ஒரு அம்மாவைக் கண்டுபிடிச்சேன். இடப்பக்கமா திரும்பிப் படுக்கவெச்சு, ஸ்டெத்தோட பெல்லை வெச்சாத்தான் அந்த மர்மர் கேட்கும். தெளிவா கேட்டுச்சு. நான் யாரிடமும் சொல்லலை.

9/ என் ரூம்மேட்டிடம்கூட. அவனுக்குத் தெரிஞ்சா என் ரேங்க் ஒண்ணு இறங்கும். மறுநாள் அந்த அம்மா டிஸ்சார்ஜ். அவன் அந்தச் சத்தத்தை அன்னைக்குக் கேட்கவே இல்லை. இன்னைக்கு அவனும் டாக்டர், நானும் டாக்டர். நான் ஜெயிச்ச அந்த ஒரு மார்க்குக்கு விலை கொடுத்தது யாருன்னு யோசிச்சா இப்பவும் கூசுது.

10/ டாக்டர் வேலை தனியா செய்கிற வேலை இல்லை. தெரியலைன்னா பக்கத்தில் கேட்கணும், தெரிஞ்சா கூப்பிட்டுக் காட்டணும். அந்தப் பழக்கம் வரவேண்டிய வயசில், பக்கத்தில் இருக்கிறவனை எதிரியாக்குகிற மார்க் முறை எதுக்கு? அமெரிக்காவில் யுஎஸ்எம்எல்இ முதல் கட்டத் தேர்வில் 2022 ஜனவரி முதல் மார்க்கே கிடையாது. பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான்.

11/ ரேங்க்கே வேண்டாம்னு நான் சொல்லலை. 100 சீட்டுக்கு 1,000 பேர் வந்தா வரிசைப்படுத்தித்தான் ஆகணும். ஆனா வரிசை வேறு, தகுதி வேறு. முதலில் 'இவ்வளவு தெரிஞ்சிருக்கணும்'னு அசையாத ஒரு கோடு போடுங்க. அதைத் தாண்டினவங்களுக்குள்ள வரிசை போடுங்க. சீட் காலியா இருந்தா ஏன் காலின்னு பாருங்க. கட்டணத்தைப் பாருங்க. கோட்டை அழிக்காதீங்க.

12/ நாளைக்கு ராத்திரி 2 மணிக்கு உங்க அம்மாவுக்கு நெஞ்சு வலி. கேஷுவாலிட்டியில் நிற்கிற டாக்டர் எத்தனை பேரை முந்தினார்னு நீங்க கேட்கப் போறதில்லை. இவருக்கு இ.சி.ஜி. பார்க்கத் தெரியுமான்னுதான் கேட்பீங்க. தேர்வும் அதையே கேட்கட்டும்.