முறுக்கிய வயரும் இறுக்கிய லக்கும்

வயல்வாடிக்கோ மீள்குடியேற்ற வீட்டுக்கோ ஒரு சூரிய மின்பலகையும் ஒரு பற்றரியும் வந்து சேர்ந்தால் இருள் நீங்கிவிட்டது என்றே எண்ணுகிறோம். முதல் மாதம் மின்குமிழ் நன்றாக எரிகிறது. மாரி கழிவதற்குள் மங்குகிறது. பிறகு விட்டு விட்டு எரிகிறது. "பற்றரி பழுது" என்று முடிவுகட்டி, அதைத் துவிச்சக்கர வண்டியில் கட்டிக் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ கொண்டு போகிறோம். கடன்பட்டுப் புதியது வாங்குவோரும் உண்டு. ஆனால் பல வேளைகளில் பழுது பற்றரியில் இல்லை. வயரை முறுக்கிக் கட்டி, மேலே ரேப் சுற்றிய அந்த ஓர் அங்குல இடத்திலேயே இருக்கிறது.

இதைச் சிறிய விடயம் என்று தள்ள முடியாது. யானை இறங்கும் நேரத்தில் வாடி வெளிச்சம் அணைந்தால் உயிருக்கே ஆபத்து. கிடுகுக் கொட்டிலில் இணைப்பொன்று சூடேறித் தீப்பற்றினால், எல்லாம் இழந்து வந்து மீண்டும் சேர்த்த கொஞ்சமும் போய்விடும்.

முறுக்கிக் கட்டும் பழக்கம் இல்லாமையின் நாட்களில் நமக்குப் பெரிதும் உதவிய பழக்கம்தான். 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரிகள் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த டைனமோ தந்தது 6 வோல்ற்றில் 3 வாற்று. அதாவது அரை அம்பியர் மட்டுமே. இன்று நாம் பற்றரியில் பூட்டும் சிறிய நீர்ப்பம்பி 10 அம்பியர் வரை இழுக்கக்கூடியது.

கணக்கைப் பாருங்கள். தளர்ந்த இணைப்பொன்றின் தடை 0.1 ஓம் என்று வைப்போம். அரை அம்பியர் ஓடும்போது அங்கே பிறக்கும் சூடு ஒரு வாற்றின் நாற்பதில் ஒரு பங்கு. கை வைத்தாலும் தெரியாது. 10 அம்பியர் ஓடும்போது அதே இடத்தில் 10 வாற்று சூடு பிறக்கிறது. மின்னோட்டம் 20 மடங்கு கூடச் சூடு 400 மடங்கு கூடுகிறது. அத்தோடு 12 வோல்ற்றில் ஒரு வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடுகிறது. அன்று போதுமாயிருந்த முடிச்சு இன்று போதாது.

நமது கரைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை வீசும் உப்புக் காற்று முறுக்கிய செப்பு இழைகளுக்கிடையே புகுந்து, அவற்றைக் கறுக்கவும் பச்சை பூக்கவும் வைக்கிறது. லக் என்று நாம் சொல்லும் உலோக முனையைச் சரியாக நசுக்கிப் பூட்டினால், இழைகளும் குழலும் ஒன்றோடொன்று நெருங்கி, நசுங்கிய இடத்தில் காற்றுப் புக வழி இல்லாமற் போகும். வெளிப்பக்கத்துக்குக் கொஞ்சம் வேசலின் பூசினால் போதும். 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.எம்.பி. நிறுவனம் ஆகாய விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் செய்து கொடுத்தது இத்தகைய லக்குகளையே. அதிர்வையும் கடற்காற்றையும் தாங்கும் இணைப்பு அங்கே வேண்டியிருந்தது. நமக்கும் அதுவே வேண்டும்.

லக் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு; நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. மெல்லிய வயரைப் பெரிய லக்கில் நுழைத்து நசுக்கினால் பிடிக்காது. வளைய லக்கின் துவாரம் ஆணிக்கு அளவாக இருக்க வேண்டும். பற்றரிக்கு வளையமே நல்லது. கவை போன்ற லக் ஆணி தளர்ந்தால் நழுவிவிடும். ஈயமுலாம் பூசிய செப்பு லக்கைக் கேட்டு வாங்குங்கள்.

வயரின் உறையைக் குழலின் நீளத்துக்கு மட்டும் உரியுங்கள். ஓர் இழைகூட அறுபடக் கூடாது. முனைக்குச் சோல்டர் வைத்து நசுக்குவது கூடுதல் பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். சோல்டர் மெதுவான உலோகம். அழுத்தத்தில் நாளடைவில் விலகிக் கொடுத்து இணைப்பைத் தளர்த்திவிடும். நசுக்கிய பின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் அந்த லக்கை வெட்டி எறிந்து புதியதைப் போடுங்கள். பற்றரியின் நேர் முனைக்கு அருகே ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். இவை எல்லாம் 12 வோல்ற்று வேலைக்கே. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்றில் கைவைப்பது பயிற்சி பெற்ற மின்னியலாளரின் வேலை.

வானொலி, சிறு மின்சுற்று என்று செய்து பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும் அந்தச் சிறு முனைகளை பெரிய குறடு நசித்துப் பாழாக்கும். அதற்கென்ற சிறு குறடு இல்லாவிட்டால், முனை பூட்டிய வயர்களாகவே வாங்குவது இலாபம்.

"சாதாரண குறட்டால், சுத்தியலால் நசுக்கினால் ஆகாதா?" என்று கேட்பீர்கள். தட்டையாகும், இறுகாது. முழுதாக நசுங்கும்வரை வாய் திறவாத பூட்டுள்ள குறடு ஒன்று தேவை. ஒரு குடும்பத்துக்கு அது செலவு. ஒரு கமக்காரர் அமைப்புக்குச் செலவல்ல. வருடத்தில் சில நாட்களே தேவைப்படும் கருவியை வீட்டுக்கு வீடு வாங்க வேண்டியதில்லை.

ஆகவே உதவி வழங்குவோருக்கு நாம் சொல்வது இதுதான்: பலகையும் பற்றரியும் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஐம்பது பற்றரி கொடுக்கும் ஊருக்கு ஒரு குறடும், ஒரு பெட்டி லக்கும், இரண்டு நாள் பயிற்சியும் கொடுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, பற்றரி வெளிச்சம் கிராமத்துக்கு மட்டும் உரியதல்ல என்று நகரமும் கண்டுகொண்டது.

பயிற்சிக்குத் தூரம் போகவும் வேண்டாம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் ஓட்டோவுக்கும் லொறிக்கும் வயரிங் செய்யும் காக்காமார் தினமும் செய்வது இந்த வேலைதான். நம் தம்பிமாரும் தங்கைமாரும் அவர்களிடம் போய்க் கேட்டுப் பழகட்டும். யுத்தம் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்து வைத்த இந்தக் கரையில், ஒரு பட்டறையில் அருகருகே நின்று தொழில் பழகுவது வெளிச்சத்தோடு சேர்ந்து கிடைக்கும் நன்மை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். அதற்கு முன், உங்கள் பற்றரியின் தலையில் சுற்றியிருக்கும் ரேப்பை இன்றே அவிழ்த்துப் பாருங்கள்.