வாடகைக்குள் ஒளிந்த வரி

மலேசியாவின் செராஸ் பேரங்காடி ஒன்றில் மாதம் 10,000 ரிங்கிட் வாடகைக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துபவரின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். வாடகைக்கான சேவை வரி 2025 ஜூலை 1ஆம் தேதி 8 விழுக்காட்டில் நடப்புக்கு வந்தது. 2025இல், ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய கடைக்காரர் என்றால், மாதம் 800 ரிங்கிட் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அதை அவர் யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது. விற்பனை 1.5 மில்லியனையும் கடந்துவிட்டால், சாப்பிட வருபவரின் பில்லிலும் 6 விழுக்காடு போட்டாக வேண்டும். தோசை விலைக்குள் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறது. அதன் மேல் இன்னொன்று ஏறுகிறது. சாப்பிடுபவரின் கண்ணில் படுவது இரண்டாவது மட்டும்தான்.

2015 ஏப்ரல் 1இல் வந்த ஜிஎஸ்டி எனும் பொருள், சேவை வரியில் இந்த அடுக்கு கிடையாது. கடைக்காரர் வாடகையில் கட்டிய 6 விழுக்காட்டை, வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியில் கழித்துக்கொண்டு மீதியைச் சுங்கத்துறைக்குச் செலுத்தினால் போதும். கழிப்பதற்கு ரசீது வேண்டும் என்பதால், வாங்குபவரே விற்பவரைக் கணக்கு எழுத வைத்தார். 2017இல் வசூல் சுமார் 44 பில்லியன் ரிங்கிட். பழைய விற்பனை, சேவை வரிகள் திரும்பிய பின், 2019இல் அவை இரண்டும் சேர்ந்தும் 30 பில்லியனை எட்டவில்லை.

பிறகு ஏன் மக்கள் ஜிஎஸ்டியைத் தூக்கி எறிந்தார்கள்? அரிசிக்கும் காய்கறிக்கும் வரி இல்லை என்றாலும் மற்றவற்றின் விலை ஏறியது. ஒன் எம்டிபி ஊழல் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. 2018 ஜூன் 1இல் புதிய அரசு வரியைச் சுழியமாக்கியதும் நாடே கைதட்டியது. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பெயர் நிலைத்ததும் இப்படித்தான். இழந்த வருவாயை அவன் எப்படி ஈடுகட்டினான் என்று யாரும் கேட்பதில்லை. புத்ராஜெயா அரசோ மூன்றே மாதத்தில், செப்டம்பர் 1இல், பழைய வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தது.

வணிகர்களின் கோபத்துக்குக் காரணம் வேறு. இணையம் வழி கணக்குக் கொடுத்தால், வசூலித்ததைவிடக் கூடுதலாகக் கட்டிய வரி 14 வேலை நாளில் மீட்புத் தொகையாகத் திரும்ப வரும் என்பது விதி. 2018 ஆகஸ்டில் நிதியமைச்சர் லிம் குவான் எங், 19 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் திருப்பித் தரப்படாமல் கிடப்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். பணம் களவு போகவில்லை, அரசின் பொதுக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு பின்னர் கண்டறிந்தது. மீட்புத் தொகையை நம்பிக் கடன் வாங்கியிருந்த சிறுகடைக்காரருக்கு இந்த வேறுபாடு ஆறுதலா என்ன? ஜிஎஸ்டியின் உயிர்நாடியே மீட்புத் தொகைதான். அதைத்தான் அரசு தன் கையாலேயே அடைத்தது.

குறைந்தபட்சச் சம்பளம் 3,000 ரிங்கிட்டை எட்டிய பிறகு ஜிஎஸ்டியைப் பார்க்கலாம் என்பது பிரதமர் அன்வாரின் நிலைப்பாடு. 2025 பிப்ரவரியில்தான் அது 1,700 ஆனது. ஏழை மேல் பாரம் ஏற்றக் கூடாது என்ற எண்ணம் சரியே. ஆனால் 1,700 ரிங்கிட் வாங்குபவர் சாப்பிடும் தோசையில் வாடகை வரி இப்போதே இருக்கிறது. யார் எவ்வளவு கட்டுகிறார் என்பது தெரியாததால், எவ்வளவு திருப்பித் தருவது என்ற கணக்கையும் போட முடியவில்லை.

சிங்கப்பூர் 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கி 2024இல் 9க்கு வந்தது. குறைந்த வருமானக்காரர்களுக்கு ரொக்கமும் மின், தண்ணீர்க் கட்டணக் கழிவும் தரும் ஜிஎஸ்டி வவுச்சர் 2012 முதல் அங்கே நிலையான திட்டம். மலேசியாவில் 2015இல் இல்லாத வசதி இன்று இருக்கிறது: மைகார்டைக் காட்டி ரோன்95 பெட்ரோலை 1.99 ரிங்கிட்டுக்குப் போடலாம், சாரா எனும் அரசு உதவியில் கடையில் அரிசி வாங்கலாம். அதே அட்டையில் ஏழைக் குடும்பத்தின் வரிப் பங்கை முன்கூட்டியே போட்டுவிடலாம். ஜிஎஸ்டி திரும்புவதானால் 4 விழுக்காட்டில் தொடங்கட்டும். மீட்புத் தொகை நிதியமைச்சு கைவைக்க முடியாத தனிக் கணக்கில் இருக்கட்டும். 14 நாள் தாண்டினால் அரசு வட்டி கட்டட்டும். அந்த விதிகள் சட்டத்திலேயே எழுதப்படாதவரை, செராஸ் கடைக்காரர் பழைய வரியே மேல் என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல இடமில்லை.