துளை சிறிது, சிகிச்சை பெரிது

ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் செல்லும் சாலையில் இக்காலத்தில் ஒருவகை விளம்பரம் மலிந்திருக்கிறது. ‘கத்தியில்லை, வலியில்லை, தழும்பில்லை, இன்று ஆபரேஷன், நாளை வீடு’ என்னும் பொருள்பட எழுதிய பலகைகளைப் பார்க்காதவர் நம்மில் இலர். பித்தப்பைக் கல், குடல்வால் வீக்கம், குடலிறக்கம், கருப்பைக் கட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் இப்பலகைகள் ஒரே வழியைக் காட்டுகின்றன. லேப்ராஸ்கோப்பி என்று வைத்தியர்களும், ‘ஓட்டை போட்டு ஆபரேஷன்’ என்று ஜனங்களும் சொல்லும் சிறுதுளை ரண சிகிச்சையே அது. இவ்விளம்பரங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நோயாளி அறியவேண்டியதில் பாதியைச் சொல்லி மற்றப் பாதியை விழுங்கிவிடுகிறபடியால், சொன்ன பாதியும் அவனை ஏமாற்றுவதற்கே துணையாகிறது.

வடசென்னையில் இது சில்லறை விஷயமன்று. கிடங்குகளில் மூட்டை சுமப்பவன், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவன், மீன் கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாய் விற்கும் பெண், மணலி ஆலைகளில் ஒப்பந்த வேலை செய்பவன் ஆகிய இவர்களுக்கெல்லாம் உடம்பே முதல். உடம்பு படுத்தால் அன்றைக்கே கூலி நிற்கும். ஆகையால், சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்னும் வாக்கு மாதச் சம்பளக்காரனுக்குச் சௌகரியம். கூலிக்காரனுக்கோ குடும்பத்தின் சோறு. அவ்வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவனே முதலில் அறிந்திருக்கவேண்டும்.

இச்சிகிச்சையின் முறை யாவருக்கும் விளங்கக்கூடியதே. நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து, தொப்புளருகே அரை அங்குலத்துக்கு மேற்படாத ஒரு துளையிடுகிறார்கள். அதன் வழியே கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். விளக்கும் காமிராவும் பொருந்திய குழாயொன்று உள்ளே செல்கிறது. வைத்தியர் எதிரேயுள்ள திரையைப் பார்த்துக்கொண்டு, வேறு இரண்டு மூன்று துளைகளின் வழியே நுழைத்த நீண்ட கருவிகளால் அறுக்கவேண்டியதை அறுத்து, கட்டவேண்டியதைக் கட்டுகிறார். பித்தப்பையை எடுப்பதானால் முழுப் பித்தப்பையும்தான் வெளியே வருகிறது. உள்ளே நடப்பது பழைய சிகிச்சையே. வாசல் மட்டுமே சிறிதாகியிருக்கிறது. கத்தியில்லை என்பது பொய். மயக்க மருந்தின் அபாயமும், ரத்தப்போக்கின் அபாயமும், அருகிலுள்ள உறுப்புக்களில் காயம்படும் அபாயமும் இதிலும் உண்டு.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. 1901-ல் ஜெர்மனியில் கெல்லிங் என்பவர் நாயின் வயிற்றைக் குழாய்வழியே பார்த்தார். 1910-ல் ஸ்வீடன் தேசத்து யாக்கோபேயஸ் மனிதரிடம் அதைச் செய்தார். 1980-ல் கீல் நகரத்து ஸெம் என்பவர் இவ்வழியே குடல்வாலை எடுத்தபோது அவருடைய நாட்டு ரண வைத்தியர்களே அவரைக் கண்டித்தார்கள். 1985-ல் ம்யூஹே என்பவர் பித்தப்பையை எடுத்தார். நம் நாட்டில் 1990-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா முதன்முதலாக இவ்விதம் பித்தப்பையை எடுத்தார். பணக்காரர்களின் மாளிகை ஆஸ்பத்திரியிலன்றி, ஏழைகள் நிறைந்த சர்க்கார் ஆஸ்பத்திரியில் இது தொடங்கியது நாம் பெருமைப்படத்தக்க விஷயம். நாட்கூலியால் வாழும் ஜனங்கள் மிகுந்த ஏழை நாட்டுக்கே இச்சிகிச்சை மிகவும் வேண்டும் என்பது அப்பெரியாரின் கொள்கை. அக்கொள்கை முற்றிலும் சரி என்பதே நமது அபிப்பிராயமும்.

இதன் லாபம் மெய்யானது. வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்தால் பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். சிறுதுளையில் செய்தால் பெரும்பாலோர் ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பி, ஓரிரு வாரத்தில் இலகுவான வேலை பார்க்கலாம். வலியும் குறைவு, புண்ணில் சீழ்பிடிப்பதும் குறைவு. ஆனால் ‘நாளை வீடு’ என்பதற்கு ‘நாளை மறுநாள் மூட்டை’ என்று பொருளன்று. கடும் பாரம் தூக்க நாலு முதல் ஆறு வாரம் பொறுக்கவேண்டும் என்றே வைத்தியர்கள் பொதுவாகச் சொல்வார்கள். வெளித்தோல் ஆறினாலும் உள்ளே தசை ஆறியிராது. அவசரப்பட்டுச் சுமை தூக்குகிறவனுக்குத் துளையிட்ட இடத்திலேயே குடல் பிதுங்கி இரண்டாவது சிகிச்சை நேரிடலாம்.

இனி நோயாளி அறியவேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, துளைவழியே தொடங்கிய சிகிச்சை வயிற்றைத் திறந்து முடியக்கூடும். பித்தப்பை அழன்று சுற்றியுள்ள உறுப்புக்களோடு ஒட்டியிருந்தால், அல்லது ரத்தம் பெருகினால், வைத்தியர் பழைய முறைக்கு மாறுவதே விவேகம். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் பித்தப்பைச் சிகிச்சையில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு; கடும் வீக்கத்தில் வந்தவர்களுக்கு அதிகம். கண்விழித்த நோயாளி பெரிய தையலைக் கண்டு தான் வஞ்சிக்கப்பட்டதாக நினைப்பது பிசகு. மாறவேண்டிய இடத்தில் மாறாத பிடிவாதமே அபாயகரமானது. பித்த நாளத்தைத் தவறாக வெட்டும் விபத்து ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அது திறந்த சிகிச்சையில் நேர்வதைவிட அதிகம். ஆகவே, ‘இச்சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? வயிற்றைத் திறக்கவேண்டி வந்தால் இங்கேயே செய்ய வசதியுண்டா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

இரண்டாவது, இம்முறை எல்லா உடம்புக்கும் ஒத்ததன்று. வயிற்றில் ஏற்றும் வாயு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சை நெருக்கும், ரத்தத்திலும் கலக்கும். பல்லாண்டுகளாகப் புகையிலும் தூசியிலும் உழைத்தவர், பீடி பிடிப்பவர், காசநோயால் நுரையீரல் கெட்டவர், இருதய நோயாளி ஆகியோர் வடசென்னையில் கொஞ்சமன்று. இவர்கள் தங்கள் நோயை மறைக்காமல் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். தொடையிடுக்கில் குடலிறக்கம் உடையவருக்கு, இடுப்புக்குக் கீழ் மட்டும் அல்லது அவ்விடத்தில் மட்டும் மரத்துப்போகச் செய்து, வெளியிலிருந்தே வலை வைத்துத் தைக்கும் பழைய முறை இன்றும் நல்ல முறையே. நுரையீரல் பலவீனமானவருக்குப் பெரும்பாலும் அதுவே க்ஷேமம். ‘பழைய முறை’ என்று வைத்தியர் சொன்னதும் அது ஏழைக்கென்று ஒதுக்கிய மட்டமான சிகிச்சை என்று எண்ணலாகாது.

மூன்றாவது, எல்லா நோய்க்கும் சிறுதுளை மேலானதன்று. கருப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் கருப்பையை விரிவாக அகற்றும் சிகிச்சையைப் பற்றி, பல தேசங்களில் 600-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றோரில் நாலரை ஆண்டுகளுக்குப் பின் நோயின்றி இருந்தோர் 96.5 சதவீதம், சிறுதுளையில் பெற்றோரில் 86 சதவீதமே. வாசல் சிறிதாவது எப்போதும் முன்னேற்றமே என்று நம்பியிருந்த உலகத்தின் வைத்தியர்கள் இதன்பின் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். தழும்பைவிட உயிர் பெரிதன்றோ?

நான்காவது, கருவிகளின் சுத்தம். இந்த நீண்ட கருவிகளின் மூட்டுகளிலும் குழாய்களிலும் அழுக்குத் தங்குவது எளிது. அவற்றைச் சரியாகக் கழற்றிக் கழுவாமல் மருந்துநீரில் மாத்திரம் தோய்த்தெடுத்தால், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒருவகைக் கிருமி துளைகளில் குடியேறும். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. புண் ஆறியபின், மூன்று நாலு வாரம் கழித்துத் துளையிட்ட இடத்தில் கட்டி எழும்பி நீர் கசிந்தால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி நாட்களைக் கழிக்கக்கூடாது. சாதாரண மருந்துகளுக்கு இக்கிருமி மசியாது.

சுத்தத்தையும் நிதானத்தையும் மறந்தால் என்ன நேரும் என்பதற்கு 2014-ஆம் ஆண்டு நவம்பரில் சத்தீஸ்கர் மாகாணத்துப் பிலாஸ்பூரில் நடந்த கோரத்தை நாடு மறக்கலாகாது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமொன்றில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் சிகிச்சை செய்தார்கள். ஒரு வைத்தியர் நாளொன்றுக்கு 30 பேருக்கு மேல் செய்யக்கூடாதென்பது சர்க்காரின் விதி. அச்சமயத்தில் பத்துக்கு மேற்பட்ட ஏழைப் பெண்கள் மாண்டார்கள். மருந்தின் குற்றமா, அசுத்தத்தின் குற்றமா என்று பின்னர் வாதம் நடந்தது, மாண்டவர்கள் மீளவில்லை. இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்திவிடவேண்டுமென்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. துளை சிறிது என்பதால் சிகிச்சையும் அற்பம் என்று அதிகாரிகளே எண்ணியதன் பலன் இது.

ஐந்தாவது, சம்மதம். டில்லியில் ஒரு பெண்மணி, வயிற்றினுள் பார்த்து நோயை அறிவதற்கு மட்டும் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கையிலேயே, வெளியில் காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நோயைப் பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் உறுப்பை எடுப்பதற்குக் கொடுத்த சம்மதமாகாது என்றும், சுயபுத்தியுள்ள வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக உறவினர் சம்மதிக்க முடியாது என்றும் 2008 ஜனவரி 16-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, பயன், அபாயம், மாற்றுவழி, சிகிச்சை செய்யாவிட்டால் வரும் விளைவு ஆகிய இவ்வளவையும் நோயாளிக்குச் சொல்லியாகவேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். ஆங்கிலத்தில் அச்சிட்ட காகிதத்தை, ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேளையில் நீட்டி, கைரேகை வாங்குவது சம்மதமாகுமா? தமிழ் மட்டும் அறிந்தவனுக்குத் தமிழில் சொல்லாத செய்தி சொல்லாத செய்தியே.

ஆறாவது, வீடு திரும்பியபின் கவனிக்கவேண்டியவை. தோள்பட்டையில் ஓரிரு நாள் வலி இருப்பது ஏற்றிய வாயுவினால், அதற்குப் பயப்படவேண்டாம். நாளுக்கு நாள் வலி குறையவேண்டும். குறையாமல் ஏறினாலும், காய்ச்சல், வாந்தி, வயிற்று உப்புசம், கண்ணில் மஞ்சள், சிறுநீர்த் தடை இவற்றுள் ஒன்று தோன்றினாலும், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குத் திரும்பவேண்டும். உள்ளே குடலிலோ நாளத்திலோ பட்ட காயம் பல நாள் கழித்தே தெரிவதுண்டு. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சையில் காவல் காக்கும் பொறுப்பு வீட்டாரையே சேர்கிறது.

பணத்துக்கு அஞ்சுவோரும் அறியவேண்டியது ஒன்றுண்டு. பழைய ஜெயில் ரோட்டிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரி, பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டன்மார் வழங்கிய அவ்விடத்தில் 1938 முதல் வைத்தியக் கல்லூரி நடக்கிறது. சிறுதுளைச் சிகிச்சையும் அங்கே நடைபெறுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சைச் செலவுக்கு இடமுண்டு. இ.எஸ்.ஐ. சந்தா போதிய நாள் செலுத்திய தொழிலாளி, வைத்தியரின் சான்றோடு ஆண்டில் 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகப் பெறலாம். விளம்பரத்தைக் கண்டு தாலியை அடகு வைப்பதற்குமுன் இவ்விரண்டையும் விசாரிப்பது நலம்.

சர்க்கார் செய்யவேண்டியனவும் உண்டு. சம்மதப் பத்திரத்தை எளிய தமிழில் அச்சிட்டு, சிகிச்சைக்கு முன்தினமே படித்துச் சொல்லச் செய்யவேண்டும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், எத்தனை நாள் வரை பாரம் தூக்கலாகாது என்பதையும், எந்த அறிகுறி கண்டால் எங்கே வரவேண்டும் என்பதையும் எழுதவேண்டும். ஒப்பந்தக்காரர்கள் அச்சீட்டை மதிக்கும்படி செய்யவேண்டும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் தேர்ந்த வைத்தியரும் சுத்தமான கருவிகளும் இருந்தால், எண்ணூர்க் குப்பத்தார் பெரிய ஆஸ்பத்திரியின் நெரிசலில் நாட்களை இழக்கவேண்டியதில்லை.

சிறுதுளைச் சிகிச்சை உழைப்பாளிக்குக் கிடைத்த நல்ல வரம். அதை வேண்டாமென்று நாம் தடுக்கவில்லை; வேண்டும் என்றே வற்புறுத்துகிறோம். ஆனால் படுக்கையில் படுக்குமுன் கேள்வி கேட்பதும், கேட்டதற்குத் தன் பாஷையில் பதில் பெறுவதும் நோயாளியின் உரிமை. அவ்வுரிமையைக் கூச்சத்தால் விட்டுக்கொடுக்க வேண்டாமென்று வடசென்னைத் தொழிலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.